சிலிண்டரில் மூன்று பேர்

சென்னை
9 பிப்ரவரி 1987

அக்கா,

கொடைக்கானலில் எடுத்து அனுப்பிய உன் ரத்தத்தைப் பார்த்தாயிற்று. கரு தங்கவில்லை. இதற்குள் உனக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் தாளில் எழுதி அனுப்ப வேண்டியது என் வேலை. டாக்டரம்மா தந்தி கொடுக்கச் சொன்னார். தந்தி கொடுத்தால் உன் கைக்கு வருவதற்குள் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வரும் என்றேன். சிரித்துவிட்டுக் கடிதமே போடச் சொன்னார்.

அழுது முடித்த பிறகு மேலே படி. உன்னிடமிருந்து எடுத்த முட்டைகளில் ஆறு, அத்தானுடைய விந்தோடு சேர்ந்து கருவாயின. அதில் மூன்றைத்தான் உன் வயிற்றில் வைத்தார்கள். மற்ற மூன்றும் இங்கே, என் ஆய்வுக்கூடத்தில், புகை கக்கும் ஒரு சிலிண்டருக்குள் உறைந்து கிடக்கின்றன. அந்தச் சிலிண்டரைத் திறக்கிற சாவி என்னிடமும் டாக்டரம்மாவிடமும் மட்டும்தான் இருக்கிறது. உனக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது. இன்னொரு முறை முட்டை எடுப்பது வீண் என்று டாக்டரம்மா நினைக்கிறார். ஆகவே இனி உனக்கு இருப்பது இந்த மூன்றுதான்.

படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். ஜூன் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பு. திரும்ப வந்து வயிற்றில் வைத்துக்கொள்ளலாம், இல்லை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம், இல்லை கொட்டிவிடச் சொல்லலாம். பதிமூன்று வருஷம் காத்திருந்தவளுக்கு நாலு மாதம் ஒன்றும் பெரிதில்லை. உடம்பைத் தேற்றிக்கொண்டு வா.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அருள்மணி

✽

சேசு மரி சூசை

கொடைக்கானல்
27 ஏப்ரல் 1987

மணிக்கு,

மே மாதம் புறப்படலாம் என்றுதான் இருந்தோம். உன் அத்தான் விருந்தினர் விடுதியில் லீவுகூடச் சொல்லிவிட்டார். நேற்று எல்லாம் தலைகீழாகிவிட்டது.

பூசை முடிந்ததும் அருளப்பன் சாமியார் ஒரு தாளை எடுத்து வாசித்தார். ரோமாபுரியிலிருந்து வந்த போதனை. கண்ணாடிக்குழாயில் பிள்ளை உண்டாக்குவது கடவுளுடைய வேலையில் கை வைப்பது, அது தகாது என்றார். அதோடு விட்டிருந்தால்கூடப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டு இருந்திருப்பேன். அப்படி உண்டான கருவும் முதல் கணத்திலிருந்தே மனிதர்தான், அதைக் கொட்டுவதும் அறுத்துப் பார்ப்பதும் கொலைதான் என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். எல்லோரும் எழுந்து நின்ற பிறகும் நான் உட்கார்ந்தே இருந்தேன்.

பிறகு சாமியாரின் அறைக்குப் போய், அந்தக் கருக்களுக்கு ஆத்துமா உண்டா சாமி என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்தக் கவல, ஒண்ணாங் கிளாஸுப் புள்ளைக கேக்காதுங்க" என்று சிரித்தார். உண்மையைச் சொல்லாமலே வந்துவிட்டேன். இந்த விஷயம் நம் குடும்பத்தில் உனக்கும் எனக்கும் உன் அத்தானுக்கும் மட்டும்தான் தெரியும், அப்படியே இருக்கட்டும்.

நீதான் வா வா என்று கூப்பிட்டாய். பாவம் என்று தெரிந்தால் நான் வந்திருப்பேனா? எனக்கு ஒன்று மட்டும் சொல். சிலிண்டரில் இருப்பது என்ன? பிள்ளைகளா, இல்லையா?

ஜோசப்பின்

✽

சென்னை
4 மே 1987

அக்கா,

நான் கூப்பிடவில்லை. நீதான் தினமலரை வெட்டி, 'இது உங்க ஆஸ்பத்திரியா?' என்று எழுதி அனுப்பினாய். அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

கேட்டதற்குப் பதில். உறைய வைக்கும் முன் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள் நான். மூன்றும் ஊசிமுனையைவிடச் சிறியவை. இரண்டில் நாலு நாலு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன, ஒன்றில் ஐந்து. முகம் கிடையாது, ரத்தம் கிடையாது, நரம்பு கிடையாது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. பிள்ளையா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. பிள்ளை ஆகக்கூடியது, ஆகாமலும் போகக்கூடியது. உன் வயிற்றில் வைத்த மூன்றும் இதே மாதிரிதான் இருந்தன. அவை போனபோது யாரும் துக்க மணி அடிக்கவில்லையே.

டாக்டரம்மாவுக்கு நீ ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் தேவலை. இங்கிலாந்தில் எலிக் கருவின் உள்ளிருந்து அணுக்களைப் பிரித்து எடுத்திருக்கிறார்களாம். கண்ணாடித் தட்டில் அவை சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கின்றனவாம். மனிதக் கருவிலும் அது முடிந்தால், கெட்டுப்போன நரம்பையும் எலும்பையும் ஒருநாள் வளர்த்துக் கொடுக்கலாம் என்கிறார். பேத்துப்பாறை அழகுமலை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்துக் கிடக்கிறாரே, அவர் மாதிரி ஆட்களுக்கு. நான் இதை நம்புகிறேனா என்றால் பாதிதான் நம்புகிறேன். ஆனால் உறைந்து கிடக்கிற நாலு உருண்டைக்காக உருகுகிறவர்கள், அழகுமலைக்கு ஒருநாள் முதுகைத் திருப்பிப் போட்டிருப்பார்களா?

எதுவானாலும் சீக்கிரம் முடிவு செய்.

அருள்மணி

✽

சேசு மரி சூசை

கொடைக்கானல்
12 மே 1987

மணிக்கு,

படித்தவள் என்ற திமிர் உனக்குக் கூடிவிட்டது. அழகுமலைக்கு நான் அரிசி கொடுத்து அனுப்புகிறேன். என் பிள்ளைகளைக் கிழித்துத்தான் அவன் நடக்க வேண்டும் என்றால் அவன் படுத்தே கிடக்கட்டும். அந்த டாக்டரிடம் இதை அப்படியே சொல். நீயும் அந்தச் சோற்றைத்தான் தின்கிறாய்.

ஆராய்ச்சிக்குக் கொடுக்க மாட்டேன். கொட்ட விடமாட்டேன். வயிற்றில் வைத்துக்கொண்டால் தெரிந்தே பாவம் செய்தவள் ஆவேன். மூன்று பக்கமும் சுவர். சீசன் கூட்டத்தில் உன் அத்தான் வீட்டுக்கே வருவதில்லை. வந்தாலும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நேற்று ஜெபமாலை சொல்லும்போது அம்மாவின் நினைவு வந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் கித்தேரியம்மாள் ஆயா என்றால் அந்தக் காலத்தில் தெரியாதவர் உண்டா? பிழைக்காது என்று தெரிந்த பச்சைப் பிள்ளைக்கு, சாமியார் வந்து சேருவதற்குள் போய்விடுமே என்று, அம்மாவே தலையில் தண்ணீர் ஊற்றி வார்த்தைகளைச் சொல்வாளே. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், அது செல்லும். உயிர் இருக்கும்போது தண்ணீர் பட வேண்டும், வார்த்தைகளைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். செத்த பிறகு கொடுத்தால் செல்லாது. இத்தனை பிள்ளைகளை மோட்சத்துக்கு அனுப்பினேன் என்று அம்மா விரல் விட்டு எண்ணுவாள்.

நீ அதே வேலையைச் செய்ய வேண்டும். சிலிண்டரைத் திறந்து அந்த மூவருக்கும் ஞானஸ்நானம் கொடு. பிறகு அவர்கள் உறைந்தே கிடக்கட்டும், ஆண்டவர் பார்த்துக்கொள்வார். என்னால் அங்கே வந்து கேட்க முடியாது, டாக்டர் சிரிப்பாள். உன்னால் முடியும். எனக்காக நீ எதையும் செய்ததில்லை, இதையாவது செய்.

ஜோசப்பின்

✽

சென்னை
19 மே 1987

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் கணத்திலிருந்தே மனிதர் என்று நீ நம்புகிறாய். சரி. நீ மறந்திருந்தால் ஒன்றை நினைவுபடுத்துகிறேன்.

1979, ஜூலை மாதம். எனக்கு இருபத்தொன்று. நம் மலைப் போளூர் வேலுச்சாமியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். மூன்று மாதம் ஆகியிருந்தது. பூண்டு போடுகிற இந்து வீட்டில் டீச்சரம்மா தங்கை வாழ்க்கைப்பட்டால், அதுவும் வயிற்றோடு போனால், மிஷன் பள்ளிக்கூடத்தில் உன் வேலை நிலைக்குமா என்று நீ பயந்தாய். வத்தலக்குண்டில் ஒரு நர்ஸ் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். பஸ்ஸில் நான் அழுதேன். காதோடு சொன்னாய்: "எதுக்குடி அழுகுற? மூணு மாசத்துல அதுக்கு உசுரு ஏது? வெறும் ரத்தக்கட்டி. வெரசா முடிச்சுட்டு மல பஸ்ஸப் புடிக்கணும்."

அந்தம்மாள் அதை ஒரு வாளியில் போட்டாள். மூடுவதற்குள் நான் பார்த்துவிட்டேன். கை இருந்தது, அக்கா. விரல் இருந்தது. அதற்கு யாரும் தண்ணீர் விடவில்லை. எங்கே போட்டார்கள் என்று உன்னை எத்தனை தடவை கேட்டேன். நீ பதில் சொல்லவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ நற்கருணை வாங்கப் போனாய். நானும் எழுந்தேன். சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய். "பாவத்தோட வாங்கக்கூடாதுடி" என்றாய்.

இப்போது உன் மூன்றுக்கு ஞானஸ்நானம் கேட்கிறாய். செய்கிறேன். மறுக்கவில்லை. ஆனால் பிற்பாடு என் தலையில் பழி விழக்கூடாது. 'என் கருக்களுக்கு என் தங்கை ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், இது என் விருப்பம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நன்றாக யோசித்துப் பார்த்து எழுது.

அருள்மணி

✽

கொடைக்கானல்
28 மே 1987

மணிக்கு,

எட்டு வருஷம் கழித்துக் கணக்குத் தீர்க்கிறாயா? அம்மா செத்து ஒரு மாதம் ஆகவில்லை, நீ வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாய். உன் அத்தானுக்கும் அப்போது வேலை இல்லை, என் வேலையும் போயிருந்தால் நாம் மூவரும் தெருவில்தான் நின்றிருப்போம். நீ இன்றைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பது நான் போட்ட பிச்சை. அந்தப் பாவத்தை நான் திண்டுக்கல்லில் தெரியாத சாமியாரிடம் சனிக்கிழமையே சொல்லி மன்னிப்பு வாங்கினேன். நீ வாங்கவில்லை. அதனால்தான் உட்கார வைத்தேன்.

நீ இவ்வளவு எழுதிய பிறகு நானும் எதற்கு மறைக்க வேண்டும்? வேலுச்சாமி உன்னைத் தேடி இரண்டு தடவை பள்ளிக்கூட வாசலுக்கு வந்தான். இரண்டாவது தடவை அவன் அம்மா கருப்பம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்தான். தாம்பூலத்தோடு வந்திருந்தார்கள். உன் பெயரைச் சொல்லி, "அது கன்னியாஸ்திரி மடத்துக்குப் போயிருச்சுங்க, இனி வராது" என்று நான்தான் அனுப்பிவைத்தேன். இப்போது அவனுக்கு நாலு பிள்ளைகள். சந்தையில் பார்த்தால் வணக்கம் சொல்கிறான். நல்ல மனிதன். உனக்கு ஒத்து வந்திருக்க மாட்டான்.

நீ கேட்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், உன் அத்தானும் போட்டிருக்கிறார். விடுதி டிரைவர் சுப்புராஜ் சவாரிக்குச் சென்னை வருகிறார். அவரிடம் ஒரு குப்பி கொடுத்திருக்கிறேன். யூகலிப்டஸ் தைலக் குப்பிதான், வெந்நீரில் நாலு தடவை அலசினேன். உள்ளே இருப்பது மந்திரித்த தீர்த்தம். சென்னையில் லாரித் தண்ணீர்தான் என்று கேள்விப்பட்டேன், அதை ஊற்றிவிடாதே.

பெயர்களை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அது வரும்வரை பொறு.

ஜோசப்பின்

✽

கொடைக்கானல்
8 ஜூன் 1987

என் தங்கம் மணிக்கு,

செய்யாதே. ஞானஸ்நானம் வேண்டாம். சிலிண்டரைத் திறக்கவே திறக்காதே.

பெயர் வைக்கத்தான் உட்கார்ந்தோம். ஆணா பெண்ணா தெரியாது என்று நீ எழுதியிருந்தாயே, அதனால் இரண்டுக்கும் பொருந்துகிற பெயராகப் பார்ப்போம் என்று உன் அத்தான் சொன்னார். ஆரோக்கியம், ஞானம், அற்புதம். மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்தேன். அவர் தாளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தேம்ப ஆரம்பித்துவிட்டார். பதிமூன்று வருஷத்தில் கஸ்பார் அழுது நான் பார்த்ததில்லை. "பேரு வச்சுட்டு அந்தக் குளுருலயே போட்டு வைக்கச் சொல்றியா? சாமியாருக்குப் புள்ள வேணாம். எனக்கு வேணும்" என்றார்.

எனக்கும் வேண்டும், மணி. பாவமாக இருந்தால் பாவமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டு ஒருநாளாவது ஒருவராவது திரும்பிப் பார்க்க வேண்டும். நரகத்துக்குப் போக வேண்டும் என்றால் பிள்ளையை வளர்த்துவிட்டுப் போகிறேன்.

வயிற்றில் வைப்பதற்குப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறோம். 21ஆம் தேதி கொடை ரோட்டில் ரயில் ஏறுகிறோம், 22 வெள்ளனே வந்துவிடுவோம். டாக்டரம்மாவிடம் சொல்லி வை.

போன கடிதத்தில் நான் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. கோபத்தில் எழுதிவிட்டேன். வேலுச்சாமி விஷயத்தை உனக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அக்காவை மன்னித்துவிடு. உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

உன் அக்கா

✽

சென்னை
13 ஜூன் 1987
அந்தோணியார் திருநாள்

அக்கா,

புறப்பட வேண்டாம். ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

இன்று காலை டாக்டரம்மா ஆபரேஷனில் இருந்தபோது சிலிண்டரைத் திறந்தேன். உன் மூன்றையும் எடுத்து முறைப்படி உருக்கினேன். உறைந்ததை உருக்கும்போது பாதி செத்துவிடும். உன்னுடையவை மூன்றும் பிழைத்தன. இந்த வருஷம் நான் உருக்கியதில் இவ்வளவு அழகாக ஒன்றும் வரவில்லை. வயிற்றில் வைத்திருந்தால் தங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு நீ அனுப்பிய குப்பியிலிருந்து ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் விட்டேன். நாலு தடவை அலசியும் தைல வாடை போகவில்லை, அறை முழுக்க அடித்தது.

கரு, உப்புக் கணக்குப் பார்த்துச் செய்த திரவத்தில்தான் உயிரோடு இருக்கும். வெறும் தண்ணீர் பட்டால் அதை உறிஞ்சி ஊதும், பிறகு உடையும். தீர்த்தமானாலும் லாரித் தண்ணீரானாலும் ஒன்றுதான். எங்கள் வேலையில் முதல்நாள் சொல்லிக்கொடுப்பது இது. நீ ஞானஸ்நானம் கேட்டு எழுதிய அன்றைக்கே எனக்குத் தெரியும். யோசித்துப் பார்த்து எழுது என்று உனக்கு எழுதினேன். என்ன ஆகும் என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ எனக்கு எப்போதும் கட்டளைதான் போடுவாய், கேட்க மாட்டாய். மைக்ராஸ்கோப்பில் மூன்றையும் கடைசிவரை பார்த்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நீ வரும் தேதியைத் தப்பாகப் படித்து உருக்கினேன், உருக்கும்போதே மூன்றும் போய்விட்டன என்று டாக்டரம்மாவுக்கு எழுதிவைத்துவிட்டேன். அவர் நம்பினார். அதே பொய்யை உனக்கும் எழுதியிருக்கலாம். உனக்கு உண்மை தெரிய வேண்டும்.

உன் எட்டாம் தேதிக் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. படித்தேன். பெயர்களையும் படித்தேன். இரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். இன்றைக்கு அந்தக் கடிதம் பையில் இருக்கும்போதுதான் செய்தேன்.

அருள்மணி

✽

கொடைக்கானல்
18 ஜூன் 1987

உன் கடிதத்தைப் படித்தோம். இன்னும் அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

உன்னைத் திட்ட எனக்குத் தெம்பு இல்லை. போலீசுக்கோ டாக்டரிடமோ போகமாட்டேன், பயப்படாதே. ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பதில் வந்தால் போதும், வேறொன்றும் கேட்க மாட்டேன்.

தண்ணீர் விடும்போது வார்த்தைகளைச் சொன்னாயா? மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னாயா? அவர்கள் உடைவதற்கு முன்னால் சொல்லி முடித்தாயா? சொல்லியிருந்தால் என் பிள்ளைகள் மோட்சத்தில் இருக்கிறார்கள், நான் எப்படியாவது உயிரோடு இருந்துகொள்வேன். அம்மா ஞாபகத்திலாவது சொல்லியிருப்பாய். ஆம் என்று ஒரு வார்த்தை எழுது. கார்டில் எழுதினாலும் போதும்.

ஜோசப்பின்

✽

சென்னை
23 ஜூன் 1987

அக்கா,

சொல்லவில்லை.

ஒன்றுக்கும் சொல்லவில்லை. பெயர்களையும் சொல்லவில்லை. சொல்ல நினைத்தேன், நாக்கு எழவில்லை என்று எழுதினால் நீ அதைப் பிடித்துக்கொள்வாய். அப்படி எதுவும் இல்லை. வார்த்தைகள் எனக்கு நன்றாகவே தெரியும். வாயை மூடிக்கொண்டு தண்ணீரை மட்டும் விட்டேன்.

இதைச் செய்தால் எனக்கு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. பத்து நாள் ஆகியும் அந்தத் தைல வாடை விரலைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் உனக்கு ஆம் என்று ஒரு கார்டு போட என்னால் முடியாது. போட்டால் நீ தூங்கிவிடுவாய்.

அத்தானிடம் மட்டும், நான் ஆம் என்று பதில் எழுதியிருப்பதாகச் சொல்லிவிடு. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இந்தக் கடிதம் அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

அருள்மணி